டைல்ஸ் தரையைக் கெடுக்காமல் துடைப்பது எப்படி?

திருமணமான புதிதில் வாடகைக்கு எடுத்த வீட்டில் குடியேறிய மூன்றாம் நாளே ஒரு தரையை நாசம் செய்தவன் நான். பழைய வீடு, மொசைக் தரை. வெள்ளையடித்தவர்கள் சிந்திய சுண்ணாம்புப் பொட்டுகள் கூடம் முழுக்க ஒட்டியிருந்தன. தெருவில் மூன்று சக்கர வண்டியில் பினாயில் விற்றுக்கொண்டு போனவரை நிறுத்தி, ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றினேன். சுர்ரென்று நுரை பொங்கியது. அழுக்கு கழன்று வருகிறது என்று மகிழ்ந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கழுவிவிட்டுக் கையால் தடவிப் பார்த்தால் தரை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. மொசைக்கில் பதித்திருப்பது சலவைக்கல் சில்லுகள். சலவைக்கல்லும் சுண்ணாம்பும் வேதியியலில் நெருங்கிய உறவு. நுரைத்தது சுண்ணாம்பு மட்டுமல்ல, தரையும்தான். வீட்டைக் காலி செய்தபோது உரிமையாளர் அட்வான்ஸில் மூவாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பிறகு பல வீடுகளைப் பார்த்துவிட்டேன். அழுக்கால் பாழான தரையைவிட, சுத்தம் செய்கிறேன் என்று பாழாக்கிய தரைதான் அதிகம். அதனால் புதிதாக வீட்டுப் பொறுப்பை ஏற்பவர்களுக்கு என் முதல் யோசனை: பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால், காலடியில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் தரையை அடையாளம் காணுங்கள்

இன்றைய அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் இரண்டே வகை. கூடம், படுக்கையறைத் தரைகளில் விட்ரிஃபைடு டைல்ஸ். குளியலறை, சமையலறைச் சுவர்களில் செராமிக் டைல்ஸ். இரண்டும் களிமண்ணைச் சுட்டுச் செய்பவைதான். பெரும்பாலானவை குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியேறி வருகின்றன. வேறுபாடு உடம்பில் இருக்கிறது. விட்ரிஃபைடு டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவருக்கான செராமிக் டைல் 10 சதவீதத்துக்கு மேலும் குடிக்கும். அதன் முகத்தில் பூசியிருக்கும் கண்ணாடிப் பூச்சுதான் அதற்குக் காவல்.

எங்கள் வீட்டுக்கு வந்த டைல்ஸ் மேஸ்திரி இதைச் சோதித்த விதம் வேடிக்கையானது. உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, முதுகுப்புறத்துத் தூசியை வேட்டியில் துடைத்துவிட்டு, நுனி நாக்கில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. "இது செராமிக், சுவருக்குத்தான் ஆகும்" என்று கீழே போட்டார். ஈரத்தை உறிஞ்சுவது நாக்கோடு ஒட்டும், உறிஞ்சாதது வழுக்கிவிடும். நீங்கள் நக்கிப் பார்க்க வேண்டியதில்லை. முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உள்ளே இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று கவனித்தாலே போதும்.

பழைய வீடுகளில் மொசைக், ஆத்தங்குடிக் கல், சலவைக்கல், சிவப்பு ஆக்சைடு பூசிய சிமெண்ட் தரை, மாடியில் தட்டோடு என்று பல வகை இருக்கும். இவற்றில் சந்தேகம் வந்தால், கட்டிலுக்கு அடியில் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி வந்தால், அந்தத் தரையின் பக்கம் எந்தப் புளிப்பும் போகக் கூடாது. ஆசிட், வினிகர், எலுமிச்சை, புளி எல்லாமே தடை. பார்த்தவுடன் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சொட்டே தழும்பாக நின்றுவிடும்.

அன்றாடத் துடைப்பு

முதலில் பெருக்க வேண்டும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று கேட்கலாம். பெருக்காமல் நேரே மாப் போடும் பழக்கம் இப்போது நிறைய வீடுகளில் இருக்கிறது. தெருமணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. ஈரத் துணியோடு சேர்த்து அதைத் தேய்க்கும்போது, பளபளப்பான தரையில் தினமும் மெல்லிய கீறல் விழுகிறது. இரண்டு வருடம் கழித்து வாசலிலிருந்து சோபா வரைக்கும் ஒரு மங்கலான பாதை தெரிகிறதே, அது இப்படி உண்டானதுதான். வாசலுக்கு வெளியே ஒரு கயிற்று மிதியடி, உள்ளே ஒரு துணி மிதியடி போட்டால் பாதி மணல் அங்கேயே நின்றுவிடும். கல்மாவுக் கோலம் போடுகிறவர்கள், காய்ந்த பொடியைப் பெருக்கி எடுத்த பிறகே ஈரம் காட்டுங்கள்.

அடுத்து, சோப்பின் அளவு. அரை வாளி, அதாவது ஐந்து லிட்டர் தண்ணீருக்கு, பாத்திரம் கழுவும் திரவமோ தரைக்கான திரவமோ ஒரு தேக்கரண்டி போதும். மூடி நிறைய ஊற்றினால்தான் மனம் திருப்திப்படும் என்றால், விட்ரிஃபைடு தரை உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்: துடைத்து அரைமணி நேரத்தில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், ஒவ்வொரு தடமும் பதியும். அது காலின் அழுக்கு அல்ல. உறிஞ்சாத தரைமேல் காய்ந்து நிற்கும் சோப்புப் படலம். இரண்டு நாள் வெறும் வெந்நீரில், தண்ணீரை அடிக்கடி மாற்றி, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போய்விடும். "தரை மங்கிவிட்டது, பாலிஷ் போட வேண்டும்" என்று ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

இரண்டு வாளி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றொன்றில் மாப்பை அலச வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால், கூடத்து அழுக்கைக் கரைத்துப் படுக்கையறையில் பூசுகிறோம் என்றுதான் அர்த்தம்.

குளியலறையில் படியும் உப்பு

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் பெரும் போராட்டம் இங்கேதான். சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோயம்புத்தூர்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு: குழாயடியிலும் சுவரின் கீழ்ப் பகுதியிலும் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவது, கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் காய்ந்து நிற்பது. சோப்பால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சோப்பும் அதோடு சேர்ந்து இன்னும் கெட்டியாகத்தான் படியும். அதைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். அந்தப் புளிப்பு ஆசிட்டாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எடுத்து ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். டைல்ஸ் மேல் அடிப்பதற்கு முன்னால் சுவர் முழுவதையும் வெறும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டைல்களுக்கு இடையிலுள்ள சிமெண்ட் காய்ந்திருந்தால் புளிப்புத் தண்ணீரைக் குடித்து அரிபடும். முன்பே தண்ணீர் குடித்து நிறைந்திருந்தால் அவ்வளவாக உள்ளே போகாது. பிறகு கரைசலைத் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, நைலான் தூரிகையால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பொருக்கு தடித்திருந்தால் ஒரே நாளில் போகாது. பழைய பனியன் துணியைக் கரைசலில் நனைத்து அந்த இடத்தில் அரைமணி நேரம் ஒட்டிவைத்து, வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு தடவை செய்தால் அடுக்கடுக்காகக் கரையும். கம்பி நார் வேண்டாம். கண்ணாடிப் பூச்சு கீறினால் அந்தக் கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

ஆசிட் ஊற்றினால் உடனே வெளுக்கிறதே என்பார்கள். வெளுக்கும். டைலின் முகம் அதற்குத் தாக்குப்பிடிக்கும். இடையிலுள்ள சிமெண்ட் தாங்காது. மாதாமாதம் ஆசிட் காட்டிய குளியலறையில் நான்கைந்து வருடத்தில் இடுக்குகள் குழிந்து, தண்ணீர் கீழே இறங்கி, கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆசிட் புகையில் குழாய்களின் பளபளப்பும் போகும். கதவுக் கீல் துருப்பிடிக்கும். இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றைக் கழுவி முடிக்காமல் அடுத்ததைக் கொட்டவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கும் நம் குளியலறைகளில் அது உயிருக்கே ஆபத்து. சிட்ரிக் ஆசிட்டும் புளிப்புதான். அதற்கும் இதே விதி.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவிடும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை அடங்கியதும் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். உப்புப் பொருக்குக்குப் புளிப்பு, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா என்று தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

தினமும் குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரை ஒருமுறை வழித்துவிட்டால் மேலே சொன்ன பாடுகளில் பாதி கிடையாது. உப்பு படிவது தண்ணீர் காயும்போதுதான்.

இடுக்குகள்

கொத்தனார்கள் 'ஜாயிண்ட்' என்று சொல்லும் இந்த மெல்லிய கோடுகள்தான் டைல்ஸ் தரையின் பலவீனமான இடம். பழைய வேலைகளில் வெள்ளை சிமெண்ட் அடைத்திருப்பார்கள்; அது நுண்துளைகள் உள்ள பொருள், எதையும் குடிக்கும். கறுத்த கோட்டை வெளுக்க, ஆப்ப சோடாவைத் தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்துக் கோடு நெடுகத் தடவி, கால்மணி நேரம் கழித்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பூஞ்சணத்தால் கறுத்திருந்தால் சோடா போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் தடவி, பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். கையுறை அவசியம், கதவு திறந்திருக்க வேண்டும்.

கோடு உதிர ஆரம்பித்துவிட்டால் சுத்தம் செய்து பயனில்லை, புதிதாக அடைக்க வேண்டும். இது நாமே செய்யக்கூடிய வேலைதான். ஹார்டுவேர் கடையில் கேட்டால் சுரண்டும் கருவி கொடுப்பார்கள். மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்காவது பழைய சிமெண்டைச் சுரண்டி எடுங்கள். மேலோட்டமாகப் பூசினால் ஒரே மாதத்தில் தோலுரியும். தூசியைத் தட்டி, லேசாக ஈரப்படுத்தி, இடுக்கு அடைப்பதற்கான கலவையைக் குழைத்து, ரப்பர் தகட்டால் குறுக்காக அழுத்தி இழுங்கள். கோட்டோடு சேர்ந்து நேராக இழுத்தால் உள்ளே போனதும் வெளியே வந்துவிடும். இருபது நிமிடத்தில் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காலும் தண்ணீரும் படாமல் விடுங்கள். சமையலறை மேடை, குளியலறைத் தரை இரண்டுக்கும் கொஞ்சம் செலவானாலும் எபாக்ஸி என்ற பிசின் கலவையை அடைப்பது நல்லது. அது தண்ணீரையும் கறையையும் உள்ளே விடாது. ஆனால் டைல் முகத்தில் சிந்தியதை அன்றே துடைக்காவிட்டால் பிறகு உளி எடுக்க வேண்டியிருக்கும். எனவே முதல் தடவை ஆள் வைத்துச் செய்யுங்கள்.

சமையலறை, பூஜை அறை

அடுப்புக்குப் பின்சுவரில் படியும் எண்ணெயை அன்றன்று, சமையல் முடிந்த இளஞ்சூட்டில் துடைத்தால் ஈரத் துணியே போதும். பழகிப்போன பிசுக்குக்கு வெந்நீரில் ஒரு கரண்டி சலவைச் சோடா.

மஞ்சள் கறையில் எல்லோரும் ஒருமுறை பயந்திருப்பார்கள். சோப்போ சலவைச் சோடாவோ பட்டதும் மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவப்பது இதே காரணத்தால்தான். காரம் பட்டால் அதன் நிறம் மாறும், கழுவினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். வெயில் படும் இடமாக இருந்தால் சில நாளில் தானே வெளிறிவிடும். படாத இடமென்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் பஞ்சை நனைத்து அரைமணி நேரம் கறைமேல் வைத்துப் பாருங்கள்.

கேஸ் சிலிண்டருக்கு அடியில் துருவால் விழும் வட்டம் தமிழ்நாட்டுச் சமையலறைகளின் முத்திரை. செராமிக், விட்ரிஃபைடு தரையில் சிட்ரிக் ஆசிட்டைக் குழைத்துத் தடவி, காயாமல் மேலே ஈரத் துணி போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மொசைக், சலவைக்கல், ஆத்தங்குடித் தரைகளில் இந்த வைத்தியம் நோயைவிடக் கொடியது. அங்கே சிலிண்டரைச் சக்கரத் தட்டில் வைப்பது ஒன்றுதான் வழி.

ஆத்தங்குடிக் கல்லும் மொசைக்கும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் செய்யும் இந்தக் கற்களை டைல்ஸ் என்று சொன்னாலும், இவை சூளையையே பார்க்காதவை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, நிறச் சிமெண்ட் குழம்பைப் பூ வேலைப்பாட்டின்படி ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழுவழுப்பு கல்லின் முகத்தில் இறங்கியிருக்கும். மேலே பூச்சு எதுவும் கிடையாது. அதனால் டீ சிந்தினால் குடிக்கும், புளிப்பு பட்டால் நிறம் அரிபடும், சலவைச் சோடா பட்டால் மங்கும்.

செட்டிநாட்டில் ஒரு வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆச்சியிடம் என்ன திரவம் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வாளியைக் காட்டினார்கள். வெறும் தண்ணீர்; மேலே சின்னச் சின்ன வட்டங்களாகத் தேங்காய் எண்ணெய் மிதந்தது. ஒரு வாளிக்கு ஐந்தாறு சொட்டு, அதுவும் வாரம் ஒரு நாள்தான், மற்ற நாள்களில் வெறும் தண்ணீர் என்றார்கள். துணியை இறுகப் பிழிந்து, கதவுப்பக்கம் முதுகு காட்டிப் பின்னோக்கி வந்தபடி துடைத்தார்கள். பத்து நிமிடம் யாரையும் மிதிக்க விடவில்லை. நானும் திண்ணையில் காத்திருந்தேன். காய்ந்த பிறகு தரையில் என் முகம் தெரிந்தது. நடக்க நடக்கத்தான் இந்தக் கல் மெருகேறும். புதிதாகப் பதித்தவர்கள் முதல் சில மாதம் பொறுத்திருங்கள், மெருகு எண்ணெய் என்று கடையில் விற்பதையெல்லாம் ஊற்றாதீர்கள். எண்ணெய் கூடினால் தூசி ஒட்டித் தரை கறுக்கும், வழுக்கவும் செய்யும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்தச் சொட்டுகளையும் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தரையில் எண்ணெய் கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். பிறகு முகப் பவுடரையோ சாக்குக்கட்டித் தூளையோ கனமாகத் தூவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் பெருக்குங்கள். இரண்டு மூன்று இரவுகள் ஆகலாம். ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், மறுபடி பூக்கும். விடாமல் பூத்துக்கொண்டே இருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள், அதைக் கொத்தனாரிடம் காட்ட வேண்டும்.

மொசைக்குக்கும் வெறும் தண்ணீரும் மென்மையான சோப்பும்தான். மங்கிப்போனால் கலங்க வேண்டாம். விட்ரிஃபைடு டைலின் முகம் போனால் போனதுதான். மொசைக் அப்படியல்ல, சில்லுகள் கலந்த மேலடுக்கு தடிமனானது. இயந்திரத்தில் கல் வைத்து இழைத்தால் புதுத்தரை கிடைக்கும். நான் கெடுத்த தரையையும் உரிமையாளர் அப்படித்தான் மீட்டிருப்பார்.

மொட்டைமாடித் தட்டோடு

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மாடிக்கு ஒதுக்குங்கள். முதலில் மழைநீர்க் குழாய் வாயில் அடைந்திருக்கும் இலை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுங்கள். பாசி பிடித்த இடங்களில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரைமணி நேரம் விட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். வாகனம் கழுவும் வேகநீர்க் குழாயைக் கொண்டுவராதீர்கள். ஓட்டின் இடுக்கிலிருக்கும் சாந்து பறந்துவிடும். கழுவிய பிறகு ஓடுகளைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கிற இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, மழைக்கு முன்னால் கொத்தனாரை அழையுங்கள்.

கூடத்து டைல்ஸுக்கும் இதே சோதனை உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஒரு ரூபாய் நாணயத்தால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். அடியில் சிமெண்ட் இல்லாத டைல் வெற்று டப்பா மாதிரி ஒலிக்கும். அதன்மேல் அரவைக் கல்லோ பீரோவோ நகர்த்தினால் விரிசல்தான்.

விரிந்த டைலை மாற்ற நினைக்கும்போதுதான் இன்னொரு சிக்கல் தெரியும்: அதே டைல் கடையில் கிடைக்காது. அதே பெயர், அதே எண் இருந்தாலும், சூளை மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும். வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து டைல்களை எடுத்துப் பரணில் வையுங்கள். படுக்கவைத்தால் மேலே எதையாவது ஏற்றி உடைத்துவிடுவோம், செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். அட்டைப்பெட்டியில் நிறச் சாயலும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் அச்சிட்ட பக்கத்தை வெட்டி, அந்த டைல்களுக்கு நடுவிலேயே செருகிவிடுங்கள். வாங்கிய ரசீதையும் அதோடு வைக்கலாம். எங்கள் வீட்டு ரசீது மட்டும் எங்கே போனதென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.